மறைத்தல் யாருடைய தொழில்?

எட்டு மாத காலம் என் இணையதளத்தை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதை நான் ஒரு தத்துவ விஷயமாகவே கருதிவந்தேன். சைவ சித்தாந்தத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் சிற்றிதழ்களிலும் கும்பாபிஷேக மலர்களிலும் எழுதிச் சிதறிப்போன கட்டுரைகளைத் திரட்டி, வேர்ட்பிரஸ் என்னும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பில் ஏற்றி வைத்துவிட்டு, அன்றாடம் காலையில் வருகைக் கணக்கைத் திறந்து பார்ப்பதும், அங்கே பூஜ்யம் நிற்பதைக் கண்டு, ‘நல்லது, பிரசித்தியை நாடாதவனுக்குப் பிரசித்தி வாராதிருப்பதே பொருத்தம்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வதும், சொல்லிக்கொண்ட மாத்திரத்தில் ஒருவிதமான கௌரவம் உள்ளத்தில் பரவுவதை அநுபவிப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தன. யாருமே வாராத தளத்தின் வருகைக் கணக்கை நாள் தவறாமல் பார்ப்பவன் பிரசித்தியை நாடாதவன்தானா என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை.

விடுமுறைக்கு வந்திருந்த என் தமக்கை மகன் ஒரு நாள் மாலை என் கணினியின் முன் அமர்ந்து, தளத்தின் அமைப்புகளில் வாசிப்பைப் பற்றிய பக்கத்தைத் திறந்து, அதன் கடைசி வரியில் விரலை வைத்து, “மாமா, இந்த டிக்கை யார் போட்டது?” என்றான். ஒரு சிறிய சதுரக் கட்டம். அதனுள் ஒரு டிக். பக்கத்தில், இந்தத் தளத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாமென்று தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்ளும் வாசகம். தளம் அரைகுறையாக இருக்கும் நாளில் அது வெளியார் கண்ணில் பட்டுவிடக்கூடாதென்று, அமைத்துக் கொடுத்தவர் போட்டு வைத்த டிக் அது. வேலை முடிந்த பின் எடுக்க மறந்துவிட்டார். வந்து போன ஒவ்வொரு யந்திரத்தையும் நோக்கி, ‘என்னைக் குறித்துக்கொள்ளாதே’ என்று என் தளத்தின் பக்கங்கள் எட்டு மாதமாக ஒருமித்துச் சொல்லிவந்திருக்கின்றன. நான் வைராக்கியம் என்று எண்ணியிருந்தது ஒரு டிக்.

அந்த வாசகத்தின் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது: இவ்வேண்டுகோளை மதிப்பதும் மதியாததும் தேடுபொறிகளைப் பொறுத்தது என்று. ஆகவே அது பூட்டு அன்று; கும்பிட்டுக் கேட்டுக்கொள்வதுதான். இத்தகைய வேண்டுகோள் புதிதன்று. வலையெங்கும் அலைந்து திரியும் யந்திரங்களுக்கு, இங்கே வரலாம், இங்கே வரவேண்டாம் என்று அறிவிக்கும் ஒரு சிறு கோப்பைத் தளத்தின் வாயிலில் வைக்கலாம் என்று 1994-ஆம் ஆண்டில் மார்டைன் கோஸ்டர் என்பவர் யோசனை கூறினார். அந்த யோசனை சட்டமாக எழுதப்படாமலே, வெறும் சம்பிரதாயமாக, 2022-ல் முறையான தரமாக வெளியாகும் வரையில் ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் நடைமுறையில் இருந்துவந்தது. வாசலில் கோலத்தைக் கண்ட வழிப்போக்கன் சற்று விலகி நடப்பதைப் போன்ற மரியாதை இது. லாபம் ஒன்றே கருதி நடப்பதாக நாம் நினைக்கும் உலகத்தில், கேட்டுக்கொண்டால் விலகிப் போகும் யந்திரங்கள் இத்தனை காலம் இருந்துவந்தன என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. என் விஷயத்தில் அந்த மரியாதையே எனக்கு வினையாயிற்று என்பது வேறு.

இருள் ஏனைய பொருள்களை மறைத்தாலும், ‘இங்கே இருள் இருக்கிறது’ என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும் என்றும், உயிரைப் பற்றிய அழுக்காகிய ஆணவ மலமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்றும் உமாபதி சிவம் திருவருட்பயனில் வகுத்துக் காட்டிய பேதத்தை நான் எத்தனையோ மேடைகளில் விரித்துரைத்திருக்கிறேன். அந்தப் பேதத்துக்கு என் வீட்டுக் கூடத்திலேயே ஓர் உதாரணம் எட்டு மாதமாக இருந்ததை நான் அறியவில்லை. அடக்கம் என்ற பெயரில் என்னுள் வளர்ந்திருந்தது ஆணவமே. ‘என்னை யாரும் அறியவில்லை’ என்பதில் ஒரு சுவை இருந்தது. ‘அறியத் தகுந்தவர்கள் இல்லை’ என்பது அந்தச் சுவையின் அடிமண்டி.

மறைந்திருத்தலைப் பற்றிச் சைவ சமயம் ஆழமாகச் சிந்தித்திருக்கிறது. இறைவனுடைய தொழில் ஐந்து என்றும், படைத்தல், காத்தல், அழித்தல் ஆகிய மூன்றோடு மறைத்தலும் அருளலும் சேரும் என்றும் அது கூறும். உயிர்கள் தத்தம் வினைப்பயன்களை நுகர்ந்து மலம் பரிபாகம் அடையும் வரையில் இறைவன் தன்னைக் காட்டாது நிற்பதே மறைத்தல். அதனைத் திரோதானம் என்பார்கள். மறைப்பும் அருளே என்பது சித்தாந்தத்தின் துணிபு. மறைவுக்கு இவ்வளவு உயர்ந்த இடம் கொடுத்த சமயத்தில் பிறந்தவன், தன் எழுத்து மறைந்து கிடப்பதையும் ஒரு மேன்மையாக எண்ணிக்கொள்வது எளிது. ஆயினும் யாரிடமிருந்து, எதன் பொருட்டு, எந்தக் காலம் வரையில் மறைக்க வேண்டும் என்பதை அறிந்தவனுக்கே மறைத்தல் தொழிலாகும். ஓர் உயிரின் பக்குவத்தை இன்னதென்று அறியாத மனிதன் அத்தொழிலைத் தன் கையில் எடுத்துக்கொள்ள அதிகாரம் பெற்றவனல்லன். எழுதாமலே இருந்துவிட அவனுக்குப் பூரண உரிமை உண்டு. மௌனத்தை நான் குறை கூறவில்லை. எழுதிப் பொதுவில் வைத்துவிட்ட பின், தேடி வருகிறவனுக்கு வழி தெரியாமல் வைத்திருப்பது மௌனம் ஆகாது. தில்லையில் பூட்டிய அறைக்குள் செல்லரித்துக் கிடந்த திருமுறை ஏடுகளை நம்பியாண்டார் நம்பி வெளிக்கொணர்ந்தார் என்ற வரலாற்றைக் கேட்ட எந்தச் சைவனும், பூட்டி வைத்திருந்தவர்களின் அடக்கத்தைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

டிக்கை எடுத்துவிட்டால் போதுமா என்றால், போதவில்லை. கண் தானே காண்பதில்லை, உயிர் காட்டவே காண்கிறது; உயிரும் தானே அறிவதில்லை, இறைவன் அறிவிக்கவே அறிகிறது என்று மெய்கண்டார் மரபு கூறும். தேடுபொறி அனுப்பும் யந்திரமும் அத்தகையதே, காட்டினால்தான் காணும். என் பழைய கட்டுரைகளில் பாதி, ஒருங்குறி பரவுவதற்கு முன் வழங்கிய தமிழ் எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அவை அழகான தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த அர்த்தமற்ற கோவை. மனிதனுக்குத் ‘திருவாசகம்’ என்று தோன்றுவது யந்திரத்துக்கு வெறும் பிதற்றல். உருவம் வேறு, உள்ளீடு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தத்தை நான் கண்டதில்லை. வேறு சில கட்டுரைகளை மலர்களிலிருந்து படம் பிடித்து அப்படியே ஏற்றியிருந்தேன். அவற்றில் எழுத்தே இல்லை, எழுத்தின் படம்தான் இருந்தது. படங்களுக்கு மாற்று உரை என்று ஒரு வரி எழுதச் சொல்லி அமைப்பு ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அதைக் காலியாக விட்டிருக்கிறேன். அந்த வரி யந்திரத்துக்கு மட்டும் உரியதன்று, கண்பார்வை அற்றவர்களின் கணினி அதைத்தான் அவர்களுக்குப் படித்துக் காட்டும் என்று மருமகன் சொன்னபோது எனக்கு வெட்கமாயிற்று. லிங்கோத்பவர் படத்தின் கீழ் முதன்முதலாக எழுதினேன்: ‘கருவறையின் மேற்குப் புறச் சுவரில், தழல் தூணின் நடுவே சிவபெருமான், மேலே அன்னம், கீழே பன்றி.’

இன்னொரு குழப்பமும் இருந்தது. ஒரே கட்டுரை தன் முகவரியில் ஒருமுறையும், வகை என்ற தலைப்பின் கீழ் ஒருமுறையும், குறிச்சொல்லின் கீழ் ஒருமுறையும், மாதவாரிப் பட்டியலில் ஒருமுறையுமாகப் பல இடங்களில் தலைகாட்ட, இவற்றுள் உண்மையானது எது என்று யந்திரம் மயங்கிற்று. இதற்காகவே 2009-ஆம் ஆண்டு முதல், ‘மூலப்பக்கம் இதுவே’ என்று பக்கத்தின் தலையில் குறித்து வைக்கும் முறையைப் பெரிய தேடுபொறிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. உற்சவ மூர்த்திகள் எத்தனை வாகனத்தில் எத்தனை வீதி சுற்றினாலும் மூலவர் ஒருவரே என்பதை அறிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமில்லை. பக்கங்களின் ஜாபிதாவான தளவரைபடத்தையும் 2020 முதல் வேர்ட்பிரஸே தயாரித்துவிடுகிறது. டிக் இருந்தவரை அதுவும் வெளிவராமல் கிடந்தது.

இவையெல்லாம் வாசலைப் பெருக்கி விளக்கேற்றும் வேலைகள்; தர்ம சங்கடம் இவற்றில் இல்லை. அது பிரமாண விஷயத்தில் இருக்கிறது. ஒரு பொருளை அறிவதற்குக் காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளை நம் நூல்கள் கொள்ளும். உரை என்பது ஆப்தனுடைய, அதாவது நம்பத் தகுந்தவனுடைய, வாக்கு. பக்கத்தில் இன்ன சொற்கள் இருக்கின்றன என்பதைக் காண்டலால் அறிந்துகொண்ட பழைய தேடுபொறிகள், அச்சொற்களை மேலும் மேலும் அடுக்கியவனையே மேலே ஏற்றி ஏமாந்தன. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தவர்களும் உண்டு. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லாரி பேஜும் செர்கேய் பிரின்னும் 1998-ல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் வேறு வழியை விளக்கினார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதைவிட, பிற பக்கங்கள் அதனை எவ்வளவு சுட்டுகின்றன என்பதைப் பார்ப்பது. சுட்டுகிறவனின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை, அவனைச் சுட்டுகிறவர்களைக் கொண்டு நிர்ணயிப்பது. ஆப்தன் யார் என்ற கேள்விக்குக் கணிதத்தால் விடை காண முயன்ற முதல் முயற்சியென்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் சாமானிய மனிதனின் அன்றாட வாழ்வுக்குள் இவ்வளவு தூரம் புகுந்துவிட்டது இதுதான்.

உரையளவை இருக்கும் இடத்தில் பொய்ச்சாட்சியும் இருக்கும். திருவண்ணாமலையில் சோதிப்பிழம்பாக எழுந்த பெருமானின் அடியைத் தேடிப் பன்றியாகச் சென்ற திருமால், காணவில்லை என்று ஒப்புக்கொண்டு திரும்பினார். முடியைத் தேடி அன்னமாகப் பறந்த பிரமனோ, மேலிருந்து வீழ்ந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சந்தித்து, ‘நான் முடியைக் கண்டேன் என்று நீ சாட்சி சொல்’ என்று கேட்டான், பூவும் இசைந்தது; பொய்ச்சாட்சி சொன்ன அந்தப் பூ சிவபூஜைக்கு ஆகாதென்று பெருமான் சபித்தார். முதலிடத்தை அடையாமலே அடைந்துவிட்டதாகக் காட்டுவதற்குப் பிறரிடமிருந்து சாட்சி பெறுதல் என்னும் தொழிலுக்கு இதைவிடப் பழைய வரலாறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குப் பணம் கொடுத்தால் இத்தனை இணைப்புகள் என்று கணக்குச் சொல்லித் தாழம்பூக்களை விற்கிறார்கள். எனக்கே அத்தகைய கடிதம் வந்ததுண்டு. சாபமும் பழையபடியே வருகிறது. கூகுள் நிறுவனம் 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் கொண்டுவந்து, பெங்குவின் என்று பெயரிட்ட திருத்தம், விலைக்கு வாங்கிய இணைப்புகளால் உயர்ந்திருந்த தளங்கள் பலவற்றைக் கீழே இறக்கிற்று. அதே ஆண்டு அக்டோபரில், ‘இந்தச் சாட்சிகள் எனக்கு வேண்டாம்’ என்று தளத்துக்கு உரியவரே தள்ளிவிடுவதற்கும் வழி வைத்தார்கள். சாபத்துக்கும் விலக்கு உண்டு என்பது போல, சிவபூஜைக்கு விலக்கப்பட்ட தாழம்பூவையும் உத்தரகோசமங்கைக் கோயிலில் சார்த்துகிறார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன்.

உபமானத்தை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. தீர்ப்பளிக்கிறவர் இங்கே சோதிப்பிழம்பல்லர். விளம்பரத்தால் பிழைக்கும் ஒரு வியாபார ஸ்தாபனம். அதன் தராசில் மேலே இருப்பது உயர்ந்தது, கீழே இருப்பது தாழ்ந்தது என்று நம்புகிறவன், கோயிலுக்குப் போகிற வழியில் உள்ள சுங்கச்சாவடியைக் கும்பிடுகிறவன். அந்தத் தராசுக்குப் பொய் சொல்லக்கூடாது என்பதற்குக் காரணம் தராசின் புனிதம் அன்று; பொய்யின் முடிவில் ஏமாறப்போகிறவன் ஏதோ ஒன்றைத் தேடிப் புறப்பட்ட ஒரு மனிதன்.

அந்த மனிதனைப் பற்றித்தான் எனக்கும் மருமகனுக்கும் வாக்குவாதம் மூண்டது. லிங்கோத்பவ வரலாற்றைப் பற்றிய என் கட்டுரைக்குச் ‘சோதிப்பிழம்பின் முன் இருவர்’ என்று தலைப்பிட்டிருந்தேன். “இதை யார் மாமா தேடுவார்கள்? ‘தாழம்பூ சிவபூஜைக்கு ஏன் ஆகாது?’ என்று போடுங்கள், அப்படித்தான் கேட்பார்கள்” என்றான். கடைத்தெருவில் கூவி விற்பதற்கா நான் எழுதினேன் என்று எனக்குக் கோபம் வந்தது. இரவு முழுதும் யோசித்தபோது, கோபத்துக்கு நியாயம் இல்லை என்று தெரிந்தது. மானைப் பிடிக்க மானையே பார்வை மிருகமாக நிறுத்துவதைப் போல, மக்களை ஆட்கொள்ளும் பொருட்டு இறைவன் மானிடச் சட்டை சாத்திக் குருவாக வருகிறான் என்பது நம் நூல்களின் உவமை. அருளுவதற்கு இறைவனே கேட்பவனுடைய வடிவத்தை மேற்கொள்வானாயின், கேட்பவனுடைய சொல்லைத் தலைப்பில் ஏற்க நான் கூசுவது எந்த விதத்தில் உயர்வு? பூக்கூடையோடு சந்நிதியில் நிற்கும் ஒரு பெண் மனத்தில் எழும் கேள்வி என் தலைப்பைவிட நேரானது. ஆனால் பார்வை மானை நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்திருக்கும் வேடனும் உண்டு; கேட்பவனுடைய சொல்லைத் தலைப்பில் மாட்டிவிட்டு உள்ளே விடை ஏதும் வைக்காதவன் அவன். தலைப்பில் கேட்ட கேள்விக்குக் கட்டுரையில் நேரான விடை இருக்கிறதா என்று பார்த்தேன். பத்தாவது பத்தியில், ஓர் அடைப்புக்குறிக்குள் இருந்தது. முதல் பத்திக்குக் கொண்டுவந்தேன்.

செருகுநிரல் ஒன்றையும் மருமகன் பொருத்திக் கொடுத்தான். எழுத எழுதப் பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று புள்ளிகள் தோன்றும். வாக்கியத்தில் 20 சொற்களுக்கு மேல் போனால் கண்டிக்கும். ‘தாழம்பூ’ என்பதை அறியும், ‘தாழம்பூவை’, ‘தாழம்பூவுக்கு’ என்பனவற்றை வேறு ஏதோ சொற்களென்று நினைக்கும். வேற்றுமை உருபு அறியாத அந்த ஆசிரியருக்குப் பணிந்து இரண்டு வாரம் எழுதினேன். பச்சைப் புள்ளி வந்தது, கட்டுரை போயிற்று. பழைய வாக்கியங்களைத் திரும்ப வைத்துவிட்டேன். என் பக்கங்கள் இப்போது சிவப்பாகவே இருக்கின்றன; வழி காட்டும் பலகைக்கு இணங்கலாம், பலகை வீட்டுக்குள் வந்து பேச ஆரம்பித்தால் இணங்க வேண்டியதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

டிக்கை எடுத்த ஐந்தாவது வாரத்தில் தேடுபொறி வழியாக முதல் வாசகர் வந்தார். ஒன்றரை நிமிஷம் இருந்துவிட்டுப் போனார். அவர் யார், விடை கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்று இப்போது உண்மையாகவே தோன்றுகிறது.

தலைப்பை மாற்றினாலும் கட்டுரையின் முகவரி மட்டும் பழைய தலைப்பிலிருந்து பிறந்ததாகவே நிற்கிறது. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் பெயருக்கு 200 இடங்களே கொடுக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். தமிழில் உயிரெழுத்துக்கு ஒன்பது, கொம்பும் காலும் புள்ளியும் ஏறினால் பதினெட்டு என்று இடங்கள் கரைந்துவிட, நீண்ட தமிழ்த் தலைப்புகள் நடுவிலே அறுபட்டுப் போகின்றன. என் தலைப்பின் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு இடம் போதவில்லை. ‘சோதிப்பிழம்பின் முன் இரு’ என்பதோடு முகவரி முடிகிறது. மருமகன் அதைத் திருத்தித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.